கரும்புக்கும் ஒரு தந்தை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீப விழா நாட்களில் கரும்புத் தொட்டில் என்றொரு நேர்த்திக்கடன் செலுத்தப்படுகிறது. பிள்ளைப் பேறு வேண்டி நேர்ந்துகொண்ட தம்பதியர், அப்பேறு வாய்த்த பின்னர், கரும்புக் கழிகளில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் மகவைக் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்கி மாட வீதிகளை வலம் வருவர். நம்முடைய வழிபாட்டு நெறி வேறு. ஆயினும் அண்டை வீட்டார் ஒரு குழந்தையைக் கொண்டாடும்போது நாம் முகம் திருப்பிக் கொள்வதில்லை. அந்தத் தொட்டிலைக் காணும்போது நம் உள்ளத்தில் எழும் வினா சமயத்தைப் பற்றியதன்று, கரும்பைப் பற்றியது.

தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குத் தாயும் தந்தையுமாக இருவர் உளர். அதைத் தாங்கும் கரும்புக்கோ அப்படி எவருமிலர். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் வழியில், மலைக்கு அப்பால் மேற்கே அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். அங்கிருந்து செங்கம், போளூர், செய்யாறு என்று அம்மாவட்டத்தில் எத்திசை சென்று வினவினும், கரும்பை விதை தூவி வளர்ப்பதாக எந்த உழவரும் சொல்லமாட்டார். முற்றிய கரும்பைக் கணுவோடு துண்டாக்கிக் கரணையாக நடுவார். அறுவடைக்குப் பின் எஞ்சும் கட்டையினின்று மறுதாம்பு விடுவார். ஆகவே இவ்வாண்டுக் கரும்பு சென்ற ஆண்டுக் கரும்பின் பிள்ளையன்று, அதே கரும்புதான். ஒரு வகைக் கரும்பு ஆயிரம் ஏக்கரில் நின்றாலும் அத்தனையும் ஒரே உடலின் துண்டங்களே.

இவ்வளவு எளிய வழி ஒன்று இருக்க, பிள்ளை பெறுவதற்கு இருவர் எதற்கு? கேலிக்காகக் கேட்கும் வினா அன்று இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தன்னந்தனியே ஈனும் ஒரு பெண்ணுயிர், தன்னைப் போன்ற இரு பெண்களை ஈனுவதாகக் கொள்வோம். அடுத்த தலைமுறையில் இரண்டு, அதற்கடுத்து நான்கு, பின்னர் எட்டு எனப் பெருகும். ஆணோடு கூடி ஈனும் உயிரும் இரண்டே ஈனுகிறது. ஆனால் அவ்விரண்டில் ஒன்று ஆண். ஆண் ஈனுவதில்லை. எனவே ஈனும் பெண் எத்தலைமுறையிலும் ஒன்றாகவே நிற்கும். சில தலைமுறைகளுக்குள் தனித்து ஈனும் இனம் நிலத்தையெல்லாம் நிரப்பிவிட வேண்டும். ஆண்மக்கள் என்ற வகையே உலகில் அற்றுப்போயிருக்க வேண்டும். ஜான் மேனார்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய அறிஞர் 1970களில் இக்கணக்கை விரித்துரைத்தார். கணக்கில் பிழையில்லை. ஆயினும் யானை முதல் நாணல் வரை பெரும்பாலான உயிர்கள் இணை சேர்ந்தே ஈனுகின்றன. படைப்புகள் இணை இணையாக அமைந்திருப்பதைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மைப் பல இடங்களில் அழைக்கிறது. சிந்திக்கச் சொன்ன இடத்தில் “ஏன்” என்று கேட்பது அடக்கமின்மை ஆகாது.

பரிணாமம் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் முகம் சுளிப்போர் நம்மில் உளர். மனிதத் தோற்றத்தைப் பற்றிய வாதத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நம் பாட்டனார் காலத்திலும் நம் காலத்திலும், நம் நாட்டு வயல்களில் கண்ணெதிரே நிகழ்ந்தவற்றையே பேசப்போகிறோம். அதற்கு முன் அண்ணாமலையோடு தொடர்புடைய ஒரு பழஞ்செய்தியைக் காண்பது நலம்.

திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியோடு பொருது 1342ஐ ஒட்டி உயிர் துறந்தார். தல புராணம் அவரைப் பிள்ளையில்லாதவர் என்று கூறி, இறைவனே மகனாக வந்ததாகப் பாடும். சரித்திரமோ அவருக்குப் பின் அவர் மைந்தர் விருபாட்ச வல்லாளர் சிறிது காலம் ஆண்டதைச் சொல்லும். வல்லாளரின் முடிவை நமக்கு எழுதி வைத்தவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. அவர் அந்தச் சுல்தானுக்குச் சகலை முறையினர்.

அப்போருக்குப் பின் இப்னு பதூதா மதுரைக்குச் சென்றபோது நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டோர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர் என்று அவர் எழுதுகிறார். உடல் நலமுள்ளவள் என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை அவர் வாங்க, மறுநாளே அவள் இறந்துபோனாள். தாமும் அங்கே கொடுங்காய்ச்சலில் வீழ்ந்து, பிழைப்போமென்ற நம்பிக்கையை இழந்து, புளியைக் கரைத்துக் குடித்து, வயிறு கழிந்து, அல்லாஹ்வின் அருளால் எழுந்ததாகக் குறிப்பிடுகிறார். புளியின் பெருமையை மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். ஒரே நகரில், ஒரே காற்றையும் நீரையும் உண்டு வாழ்ந்தோரில் சிலர் மாள, சிலர் பிழைப்பது எதனால்? நமது வினாவுக்கு விடை தேடுவோர் இதையும் உடன் வைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக வைத்து நோக்கும் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்த அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகி, 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் காலமானார். நோயும் பரிணாமமும் பற்றி அவர் 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அளவில் சிறியதுதான். உயிர்களின் வாழ்வை உருவாக்கியதில் குளிருக்கும் பஞ்சத்திற்கும் புலிக்கும் தரப்படும் இடத்தை ஒட்டுண்ணிகளுக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். நோய்க்கிருமி எந்த வகை உடல் மலிந்திருக்கிறதோ அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஆதலால் அரிய வகையாக இருப்பதே ஒரு காப்பு என்று அவர் காட்டினார்.

இதைப் பூட்டும் சாவியும் என்று எண்ணிக்கொண்டால் விளங்கும். ஒரு தெருவில் நூறு வீட்டுக்கும் ஒரே பூட்டு. திருடன் ஒரு சாவி செய்துகொண்டால் நூறு வீடும் அவனுடையவை. வீட்டுக்கு வீடு பூட்டு வேறானால் ஒவ்வொன்றுக்கும் அவன் புதிதாக உழைக்க வேண்டும். கிருமியின் ஆயுள் மணிக்கணக்கு, நாள் கணக்கு. நம்முடைய ஆயுளோ ஆண்டுக் கணக்கு. நாம் ஒரு தலைமுறை கடப்பதற்குள் அது பல்லாயிரம் தலைமுறை கடந்து, பல்லாயிரம் சாவிகளைச் சோதித்துவிடும். தன்னைப் போலவே பிள்ளை ஈனும் தாய், திருடன் திறந்து பழகிய பூட்டையே பிள்ளைக்கும் கொடுக்கிறாள். தாயிடம் பாதியும் தந்தையிடம் பாதியுமாகப் பெற்றுக் கலைத்து அடுக்கப்பட்ட பிள்ளைக்கு, அதுவரை எவருக்கும் அமையாத பூட்டு அமைகிறது. ஆண் என்னும் செலவுக்கு ஈடாகக் கிடைக்கும் வரவு அதுவே. 1970களில் ஜான் ஜெனிக் முதலியோர் இக்கருத்தைப் பால்வழிப் பிறப்பின்மேல் பொருத்திக் காட்டினர், 1980இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் கணித வடிவில் வலுவாக நிறுத்தினார். ஒட்டுண்ணிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் சிந்தித்த ஹாமில்டன், ஆய்வுக்காகக் காங்கோ சென்று அங்கே மலேரியா கண்டு, நாடு திரும்பி, 2000 மார்ச்சில் மறைந்தார்.

இனி கரும்புக்கு வருவோம். அறிஞர் காகிதத்தில் எழுதுமுன்பே நம் உழவர் இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றிருந்தனர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணத்துக் கோதாவரிக் கழிமுகத்தில் கரும்பு வயல்கள் அழியத் தொடங்கின. தோகை மஞ்சளித்து உலரும். கழியை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே செந்நிறமும், இடையிடையே வெண்திட்டுக்களும், புளித்த கள்ளின் நாற்றமும் இருக்கும். செவ்வழுகல் என்று இன்று நாம் அழைக்கும் இந்நோய் ஒரு பூஞ்சையால் வருவது. ஒரு வயலில் ஒரு கழியைத் தின்னக் கற்ற பூஞ்சைக்கு மற்றெல்லாக் கழியும் விருந்தே. அத்தனையும் ஒரே உடல் அன்றோ? மேலும் நோயுற்ற கழியிலிருந்து வெட்டிய கரணையில் நோயும் உடன் பயணம் செய்தது. உழவர் தம் கையாலேயே பகைவனை நட்டு நீர் பாய்ச்சினர். இந்த அழிவை ஆராய்ந்தவர் சென்னை அரசாங்கத்தின் தாவரவியல் அறிஞர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். 1902இல் சாமல்கோட்டையில் கரும்புப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. பல ஊர்களிலிருந்தும் கரும்பு வகைகளைத் திரட்டி, நோய் தாங்குவது எது எனத் தேடினர். தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கைவசமிருக்கும் பூட்டுக்களுக்குள்தானே தேட முடியும்?

அப்போது உலகின் வேறு மூலைகளிலிருந்து ஒரு செய்தி எட்டியிருந்தது. கரும்பின் விதை முளைக்காது என்பதே அதுவரை தோட்டக்காரரின் துணிபு. 1880களின் இறுதியில் ஜாவாத் தீவிலும் பார்படோஸ் தீவிலும் அது முளைக்கும் என்று மெய்ப்பிக்கப்பட்டது. ஜாவாவிலும் கரும்பை ஒரு நோய் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது என்பது கருதத்தக்கது. நோயே மனிதனைப் பூவின் பக்கம் திருப்பியது.

கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. 1912இல் அங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. பார்பரும் அவருடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும் செய்த காரியம் அக்காலத்தார் கண்ணுக்கு வேடிக்கையாகவே பட்டிருக்கும். ‘வெள்ளை’ என்ற பருத்த இனிய கரும்பைத் தாயாக வைத்து, கோவை வட்டாரத்தில் தானே வளர்ந்து கிடந்த நாணலின் மகரந்தத்தை அதற்குச் சேர்த்தனர். நாணல் என்பது கரும்பின் காட்டு உறவினம். சாறில்லை, இனிப்பில்லை, மாடும் விரும்பித் தின்னாது. ஆனால் அது காலங்காலமாக விதையாலும் பரவி வந்தது. வெயிலையும் வெள்ளத்தையும் பூஞ்சையையும் தாங்கி நின்றது. இவ்விருவருக்கும் பிறந்த கோ 205, 1918இல் பஞ்சாபில் பயிரிட வெளியிடப்பட்டது. மெலிந்த நாட்டுக் கரும்பையே கண்டிருந்த வடநாட்டு உழவர் அதன் விளைச்சலைக் கண்டு வியந்தனர். கணுவை வெட்டி வெட்டித் தந்தையறியாது வளர்ந்த கரும்புக்கு, கோயம்புத்தூரில் ஒரு தந்தை வாய்த்தான். அவன் ஏழை, ஆனால் உடல் வலியவன்.

பின்னர் ஸர் பட்டம் பெற்ற வெங்கட்ராமன் கரும்பைச் சோளத்தோடும், மூங்கிலோடுங்கூடக் கலந்து பார்த்தார். தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அந்நிலையத்தில் இருந்து, நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு பயிரை உண்டாக்கினார். அறிவியல் என்றால் மேல்நாட்டில் நடப்பது என்று எண்ணும் நம் இளைஞர்கள் கோயம்புத்தூர் வரையேனும் சென்று வரலாம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வெற்றிக் கதை. ஆனால் நாம் சொல்ல வந்தது இதற்குப் பின் நிகழ்ந்ததையே. கலப்பில் பிறந்த கரும்பையும் உழவர் மீண்டும் கரணையாகவே நட்டனர். ஒரு முறை தந்தை கிடைத்தது. பிறகு பழையபடி ஒரே உடலின் துண்டங்கள். திருடனுக்கு நேரம் கிடைத்தது. ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் புகழ்பெற்று விளங்கிய கோ 213, 1930களின் இறுதியில் தொடங்கிய செவ்வழுகலில் வீழ்ந்தது. வேறு கலப்புகள் அதன் இடத்தைப் பிடித்தன. தமிழகத்தில் 1975இல் வந்த கோ.சி. 671 சர்க்கரைச் சத்தில் நிகரற்றதாக இருந்தது. அதையும் செவ்வழுகல் கண்டுகொண்டது. அந்தக் கோ.சி. 671ஐ வேறொரு கரும்போடு கலந்து பிறந்த கோ 86032 என்ற பிள்ளை 2000இல் வெளியிடப்பட்டு, தமிழக வயல்களில் மிகப் பரவியது. பெற்றோரில் ஒன்று நோயில் வீழ்ந்த பின்பும் பிள்ளை நின்றது. வடக்கே கோ 0238 என்ற வகை 2009இல் வெளிவந்து, 2020ஐ ஒட்டி உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆட்சி செலுத்தியது. ஆலைகளுக்கும் உழவருக்கும் அதனால் வந்த இலாபம் பெரிது. அந்த ஆட்சியின் நடுவிலேயே அதைத் தின்னக் கற்ற செவ்வழுகல் பூஞ்சையின் புதிய வகையொன்று தோன்றி, பல மாவட்டங்களில் வயல்களைச் சிவக்கச் செய்தது. எந்த வகை மிகப் பரவுகிறதோ அதன் சாவியே முதலில் செய்யப்படுகிறது. 1949இல் ஹால்டேன் எழுதியதும் இதுவே.

கோயம்புத்தூரில் ஆண்டுதோறும் கரும்பு பூக்கிறது. ஆண்டுதோறும் புதிய கலப்புகள் செய்யப்படுகின்றன. அவை நிற்பது முன்னேறுவதற்கு மட்டுமன்று. இருந்த இடத்தில் நிலைப்பதற்கும் அவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கான ஓர் ஆங்கிலக் கதையில் ஓடிக்கொண்டேயிருக்கும் அரசி ஒருத்தி வருவாள். அவள் பெயரை எடுத்துச் ‘செவ்வரசி’ விதி என்று 1973இல் லீ வான் வேலன் இதற்குப் பெயரிட்டார். மனிதன் கரும்புக்குக் கட்டாயத்தின் பேரில் செய்யும் வேலையை, இணை சேர்ந்து ஈனும் உயிர்கள் தலைமுறைதோறும் தாமே செய்துகொள்கின்றன.

கரும்பை விடவும் நம் வீட்டோடு நெருங்கிய ஒரு பயிரைப் பார்ப்போம். நோன்பு திறக்க நாம் எடுக்கும் பேரீச்சம்பழம். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையைப் பெண் பாளையில் கையால் சேர்க்கும் வழக்கம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவிலும் இருந்தது; ஹதீஸ் நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. பழத்துக்குத் தந்தை வேண்டும் என்பது அரபியர்க்குத் தெரிந்திருந்தது. ஆனால் மரத்துக்கு? விதையை நட்டால் எப்படிப்பட்ட மரம் வருமோ தெரியாது. பாதிக்குப் பாதி ஆணாகவும் போகும். எனவே நல்ல மரத்தின் அடியில் கிளைக்கும் கன்றைப் பெயர்த்தே தோப்பு வைப்பர். அதுவும் கரணைக் கரும்பின் கதைதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொராக்கோவின் தரா பள்ளத்தாக்கில் ‘பயூத்’ என்ற நோய் தோன்றியது. மண்ணிலுள்ள பூஞ்சை வேர் வழி ஏறி, பச்சை ஓலையை வெளுக்கச் செய்து, மரத்தைக் கொல்லும். ஒரு நூற்றாண்டுக்குள் இப்னு பதூதாவின் தாயகத்தில் அதற்குப் பலியான மரங்கள் ஒரு கோடிக்குக் குறையா. மிக உயர்ந்ததென்று போற்றப்பட்ட மெஜூல் வகையே மிக எளிதில் மடிந்தது. அது முற்றும் அழிந்துவிடுமென்ற நிலையில், 1927இல் வால்டர் சுவிங்கிள் என்ற அமெரிக்கர் அந்நாட்டிலிருந்து 11 மெஜூல் கன்றுகளைக் கொண்டுபோனார். ஒன்பது பிழைத்தன. இன்று அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து விலை மிகுந்து வரும் மெஜூல் பழமெல்லாம் அந்த ஒன்பது கன்றுகளின் வழி வந்தவை. அதன் இனிப்பில் குறையில்லை. அந்தப் பூஞ்சை அங்கே காலடி வைத்தால் என்னாகும் என்பதை மட்டும் தோட்டக்காரர்கள் அறிவர். மொராக்கோ ஆய்வாளர்கள் நோய் தாங்கும் மரங்களைத் தேடியபோது, சீராகக் கன்று வைத்த தோப்புகளோடு நில்லாமல், விதை விழுந்து தானே முளைத்த மரங்களையும் நாடினர். அவற்றை அந்நாட்டார் ‘கல்த்’ என்பர். கலப்பு என்பது அதன் பொருள். சந்தையில் அதற்கு மதிப்பில்லை.

ஆய்வுக்கூடத்திலும் இக்கருத்து சோதிக்கப்பட்டது. நியூசிலாந்து ஏரிகளில் வாழும் ஒரு சிறு நத்தையில் தனித்து ஈனும் வகையும் இணை சேரும் வகையும் உண்டு. அதை மலடாக்கும் ஒட்டுண்ணிப் புழு மலிந்த இடங்களில் ஆண் நத்தைகளும் மலிந்திருப்பதைக் கர்ட்டிஸ் லைவ்லி 1987இல் வெளியிட்டார். 2011இல் மற்றொரு சோதனை வெளியாயிற்று. மண்ணில் வாழும் நுண்புழுக்களில் ஒரு கூட்டத்தைத் தம்மைத் தாமே கருவுறுத்துமாறும், மற்றொன்றை இணை சேருமாறும் அமைத்து, கூடவே மாறிக்கொண்டு வரும் ஒரு கொடிய பாக்டீரியாவையும் சேர்த்து விட்டனர். தன்னையே கருவுறுத்திய கூட்டம் 20 தலைமுறைக்குள் பூண்டற்றுப் போயிற்று. இணை சேர்ந்த கூட்டம் வாழ்ந்தது.

இதனால் ஒட்டுண்ணி ஒன்றே முழு விடை என்று நாம் சாதிக்கவில்லை. தலைமுறைதோறும் சேரும் மரபுப் பழுதுகளைக் கழித்துக்கட்டவே கலப்பு பயன்படுகிறது என்று ஹெர்மன் முல்லர் முதலியோர் கூறியதும் வலுவுள்ள கருத்தே. இரண்டும் சேர்ந்தே உழைக்கலாம். விதிவிலக்கும் உண்டு. ஈரப்பாசியிலும் பாறைக் குழிநீரிலும் வாழும் டெல்லாய்டு சக்கர விலங்குகள் என்ற நுண்ணுயிரிகளில் ஆண் இதுவரை காணப்பட்டதே இல்லை. நெடுங்காலம் அவை எப்படித் தப்பின? அடி அண்ணாமலைப் பக்கத்துப் பாறைகளில் மழைக்காலத்துப் பாசி கோடையில் கருகித் தூளாவதைப் பார்த்திருப்போம். அத்தகைய உலர்வில் இவ்வுயிர்கள் தாமும் உலர்ந்து, தூசியாகி, காற்றில் பறந்து வேறிடம் சென்று ஈரம் பட்டதும் உயிர்த்தெழும். அவற்றைத் தின்னும் பூஞ்சையோ அந்த நெடிய உலர்வைத் தாங்காது. பூட்டை மாற்ற இயலாதவன் வீட்டையே மாற்றிக்கொள்கிறான். 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது.

இவ்வளவும் கேட்ட குடும்பத்தார் நம் வீட்டுத் திருமணங்களைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம்மவரிடையே பரவலான வழக்கம். மார்க்கம் அதற்கு அனுமதி தந்திருக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. தென்னாட்டின் பிற சமூகத்தார் சிலரிடம் உள்ள அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தை அது முற்றிலும் விலக்கியிருக்கிறது. இத்துறையில் நம் நாட்டில் முறையாக ஆராய்ந்தோருள் ஹால்டேனின் மாணவர் கிருஷ்ணா துரோணம்ராஜுவும், பி. மீரா கான் என்ற முஸ்லிம் அறிஞரும் குறிப்பிடத்தக்கோர். இவ்விருவரும் ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களைக் கணக்கெடுத்து 1960களின் தொடக்கத்தில் கட்டுரைகள் வெளியிட்டனர். மீரா கான் பின்னர் நெதர்லாந்தில் லெய்டன் நகரில் மனித மரபியல் ஆய்வில் பெயர் பெற்றார்.

கணக்கு இதுதான். தாய் வழி வந்த பூட்டும் தந்தை வழி வந்த பூட்டும் வேறுவேறாக இருப்பதே பிள்ளைக்கு நலம். ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் மணந்தால், பிள்ளையின் மரபணுக்களில் சராசரியாக 16இல் ஒரு பங்கு இருபுறமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே படியாக அமைகிறது. அக்காள் மகளை மணந்தால் அது 8இல் ஒரு பங்கு. ஒரு தலைமுறையில் மட்டும் நிகழ்ந்தால் 16இல் ஒன்று அஞ்சத்தக்க அளவன்று. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. பாட்டனும் அவ்வாறே மணந்து, தந்தையும் அவ்வாறே மணந்து, மகனுக்கும் அதே வீட்டில் பெண் பார்க்கும்போது பங்கு 16இல் ஒன்றோடு நிற்பதில்லை.